குழுவில் பேசுவது யார்?

அமெரிக்கச் சமூகவியலாளர் எலிசபெத் கோஹன் 1972-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு பலகை விளையாட்டைச் சுற்றி நடந்தது. ஒவ்வொரு மேசையிலும் நான்கு சிறுவர்கள்: இருவர் வெள்ளையர், இருவர் கறுப்பினத்தவர். குடும்ப வசதியிலும் பள்ளியின் மேல் உள்ள ஈடுபாட்டிலும் நால்வரும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும்படி பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆட்டம் எல்லோருக்கும் புதிது. காயை எந்த வழியில் நகர்த்துவது என்று நால்வரும் பேசி முடிவெடுக்க வேண்டும். வாசிப்போ கணக்கோ அதற்குத் தேவையில்லை. ஆனாலும் வெள்ளைச் சிறுவர்கள் கூடுதலாகப் பேசினார்கள், அவர்கள் காட்டிய வழியே பெரும்பாலும் முடிவாயிற்று. யாரும் யாரையும் திட்டவில்லை, ஒதுக்கவில்லை. ஆட்டம் சுமுகமாகத்தான் நடந்தது.

இந்தச் சுமுகம்தான் கோஹனை உறுத்தியது. 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனவாரிப் பள்ளிகளைச் சட்டவிரோதம் என்று அறிவித்த பிறகு, பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தால் மீதி தானாக நடந்துவிடும் என்ற நம்பிக்கை பரவியிருந்தது. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் அதே ஆண்டு எழுதிய நூலில் அப்படிச் சொல்லவில்லை. சேர்ந்து பழகுவது தப்பெண்ணத்தைக் குறைக்க வேண்டுமானால், பழகும் இடத்தில் இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும் என்று அவர் நிபந்தனை விதித்திருந்தார். ஒரே கூரை கிடைத்தது. சம நிலையை யார் தருவது என்ற கேள்வி அப்படியே நின்றது.

கோஹன் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அங்கே ஜோசப் பெர்கரும் சகாக்களும் ஏற்கெனவே ஒரு கோட்பாட்டை வளர்த்துவந்தார்கள். அறிமுகமில்லாதவர்கள் சிலர் ஒரு வேலைக்காகக் கூடினால், யாருக்கு என்ன தெரியும் என்பது தெரிவதற்கு முன்பே, யார் சொல் எடுபடும் என்ற எதிர்பார்ப்பு உருவாகிவிடுகிறது. சமூகம் எந்த அடையாளத்துக்கு மதிப்புக் கொடுத்திருக்கிறதோ அதை வைத்தே அந்த எதிர்பார்ப்பு அமைகிறது. இனம், பாலினம், வயது, பேச்சுமொழி எதுவும் இதற்கு உதவும். கையில் இருக்கும் வேலைக்கும் அந்த அடையாளத்துக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் எதிர்பார்ப்பு வேலை செய்கிறது. பள்ளிக்கூடத்தில் இன்னொரு அடையாளமும் சேர்கிறது: நன்றாக வாசிப்பவன் எல்லாவற்றிலும் கெட்டிக்காரன் என்ற எண்ணம். வாசிப்பில் தடுமாறும் குழந்தை, மின்சுற்று இணைக்கும் பாடத்திலும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். மற்றவர்களும் அதனிடம் கேட்க மாட்டார்கள். கேட்காததால் பேசாது; பேசாததால் தெரியாது என்றே எல்லோரும் முடிவுகட்டுவார்கள்.

கோஹனும் சூசன் ரோப்பரும் அதே ஆண்டு வெளியிட்ட அடுத்த ஆய்வு, என் பார்வையில், குழுக் கற்றல் பற்றி எழுதப்பட்டவற்றில் மிக முக்கியமானது. கறுப்பினச் சிறுவர்களுக்கு முன்கூட்டியே ரேடியோ ஒன்றைப் பாகம் பாகமாகச் சேர்த்து உருவாக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுக்குத் தன்னம்பிக்கை வந்தால் மேசையில் பேசுவார்கள் என்பது ஓர் ஊகம். அது மட்டும் போதவில்லை. வெள்ளைச் சிறுவர்களின் எதிர்பார்ப்பும் மாற வேண்டியிருந்தது. அதற்காகக் கறுப்பினச் சிறுவர்களே ஆசிரியராக அமர்ந்து வெள்ளைச் சிறுவர்களுக்கு ரேடியோ செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். இரு தரப்பு எதிர்பார்ப்பையும் தொட்ட பிறகுதான் மேசையில் பேச்சு சமநிலைக்கு வந்தது. பின்தங்கிய குழந்தைக்கு ஊக்கம் கொடுங்கள், கூச்சத்தைப் போக்குங்கள் என்று பயிற்சி வகுப்புகளில் நாம் கேட்கும் அறிவுரையின் குறை இங்கே வெளிப்படுகிறது. கூச்சம் அந்தக் குழந்தைக்குள் இருப்பதாக அந்த அறிவுரை எண்ணிக்கொள்கிறது. மேசையைச் சுற்றி இருக்கும் மற்ற மூவரின் கண்ணில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

இதே காலத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் வேறொரு வழி பிறந்தது. 1971-ல் அங்கே பள்ளிகள் ஒருங்கிணைக்கப்பட்டு வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிக்க வம்சாவளியினர் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்ந்தார்கள். கைகலப்பு மூண்டது. உதவிக்கு அழைக்கப்பட்ட உளவியலாளர் எலியட் ஆரான்சன் வகுப்பறைகளைப் பார்த்துவிட்டுச் சொன்ன காரணம் எளியது: ஆசிரியர் கேள்வி கேட்கிறார், கை தூக்குபவர்களுக்குள் போட்டி, ஒருவன் தவறாகச் சொன்னால் மற்றவனுக்குச் சந்தோஷம். அவரும் அவருடைய மாணவர்களும் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுத்தார்கள். ஒருவரின் வாழ்க்கை வரலாறு பாடம் என்றால், இளமைப் பருவம் ஒருத்தியிடம், பொதுவாழ்வு இன்னொருவனிடம். தேர்வில் எல்லாமே கேட்கப்படும். ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளை திக்கினாலும் பொறுமையாகக் கேட்டாக வேண்டும். அவனிடம் இருப்பது வேறு யாரிடமும் இல்லை. சில வாரங்களில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விரும்பத் தொடங்கினார்கள். தேர்வில் சிறுபான்மைப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது, வெள்ளைப் பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை.

இந்த முறை அழகானது, ஆசிரியர்கள் எளிதில் கைக்கொள்ளக்கூடியது. ஆனால் இது பகிர்வது தகவலை. தன் துண்டை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத குழந்தை, குழுவின் முன் இன்னும் சிறுத்துப்போகும் ஆபத்து அதில் இருக்கிறது. கோஹனோ வேலையின் தன்மையையே மாற்றப் பார்த்தார். 1970-களின் இறுதியிலிருந்து எட்வர்ட் டி அவிலா உருவாக்கிய ஆங்கில–ஸ்பானிய இருமொழி அறிவியல், கணிதப் பாடத்திட்டத்தை வைத்துக் கலிபோர்னிய வகுப்பறைகளில் அவர் ஆய்வு செய்தார். அந்த வகுப்புகளில் இரண்டு வழக்கங்கள் சட்டம்போல் இருந்தன: உதவி கேட்பது உன் உரிமை, கேட்பவருக்கு உதவுவது உன் கடமை. சேர்ந்து எவ்வளவு பேசி வேலை செய்கிறார்களோ அவ்வளவு கற்கிறார்கள் என்று அளவீடுகள் காட்டின. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: மதிப்புக் கூடிய குழந்தை கூடுதலாகப் பேசுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விளைவு தெளிவு. கவனிக்காமல் விட்ட குழு வேலை, முன்னே இருப்பவரை இன்னும் முன்னே தள்ளும். ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்காகக் கொண்டுவந்த முறையே அதை வளர்க்கும்.

கோஹனும் அவருடைய சக ஆய்வாளர் ரேச்சல் லோட்டனும் இதிலிருந்து உருவாக்கிய அணுகுமுறையில் முதல் பாதி, ஒரு மனிதரால் தனியாகச் செய்ய முடியாத வேலையைக் கொடுப்பது. பத்துக் கணக்குகளை ஒரு குழுவுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். படிக்கிற பிள்ளை போட்டு முடிக்கும், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள், சீக்கிரம் முடித்த குழுவுக்குப் பாராட்டு. அந்த வேலைக்குக் குழுவே தேவையில்லை. ஏழாம் வகுப்புக்கு இப்படி ஒரு வேலை கொடுத்துப் பார்க்கலாம்: நம் பள்ளிக் கூரைமேல் ஒரு மழையில் விழும் தண்ணீர் எவ்வளவு, அது எங்கே போகிறது, எங்கே பிடித்தால் வீணாகாது? ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். 200 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர். இந்தப் பெருக்கல் ஒரு நிமிட வேலை. அதைப் படிக்கிற பிள்ளையே செய்யட்டும். ஆனால் கூரையை அளக்க வேண்டும். தரையின் சரிவைப் படமாக வரைய வேண்டும். போன ஐப்பசியில் எங்கே தண்ணீர் தேங்கியது என்று ஆயாவிடமும் வாட்ச்மேனிடமும் விசாரிக்க வேண்டும். வாய்க்காலில் மடை திறந்துவிட்டுப் பழகிய பிள்ளைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது பார்த்தவுடனே தெரியும். இதற்கு ஒரே சரியான விடை கிடையாது. ஆனால் ஒரு திட்டம் இன்னொன்றைவிட ஏன் மேல் என்று வாதிட முடியும், வாதிடுவதற்கான அளவுகோல்களை முன்பே கரும்பலகையில் எழுதிப் போடவும் முடியும்.

வேலை தொடங்கும் முன் ஆசிரியர் ஒன்று சொல்ல வேண்டும் என்றார் கோஹன். இந்த வேலைக்கு என்னென்ன திறமைகள் வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இவை அத்தனையும் உள்ளவர் இங்கே ஒருவரும் இல்லை, ஒன்றுகூட இல்லாதவரும் யாரும் இல்லை என்று தெளிவாக அறிவிப்பது. கேட்பதற்கு மேடைப் பேச்சுபோல இருக்கலாம். வேலை உண்மையிலேயே பல திறமைகளைக் கேட்டால் மட்டுமே அது எடுபடும்; கேட்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது பாதி இன்னும் நுட்பமானது, ஆசிரியர்கள் அதிகம் தவறவிடுவது. குழு வேலை நடக்கும்போது, யாரும் பொருட்படுத்தாத பிள்ளை ஏதேனும் ஒன்றைச் சரியாகச் செய்யும் தருணத்துக்காக ஆசிரியர் காத்திருக்க வேண்டும். பார்த்ததும் எல்லோர் காதிலும் விழும்படி, என்ன செய்தது என்று குறிப்பிட்டு, அது இந்த வேலைக்கு ஏன் தேவை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மழைநீர் வேலையில் ஒரு பெண் கூரையின் ஒரு பக்கச் சரிவு பின்புறம் போகிறது என்று முணுமுணுத்தாள், யாரும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். “அவ சொன்னதைக் கவனிச்சீங்களா? பாதித் தண்ணி பின்பக்கம் போயிடுதுன்னு சொல்றா. அப்படின்னா நீங்க போட்ட கணக்குல பாதிதான் இந்தக் குழாய்க்கு வரும். அவகிட்ட எந்தப் பக்கம்னு கேட்டுட்டு வரைஞ்சு பாருங்க” என்பதுதான் அந்தத் தலையீடு. “வெரி குட்” என்று தோளைத் தட்டிவிட்டுப் போவது இதற்குச் சமம் ஆகாது. வெறும் பாராட்டு அந்தப் பெண்ணுக்கு மட்டும் போய்ச் சேர்கிறது. இந்தப் பேச்சு மற்ற மூவரின் கணக்கையும் மாற்றிவிடுகிறது. ரேடியோ ஆய்வின் பாடத்தை அன்றாட வகுப்புக்குள் கொண்டுவந்த வடிவம் இது.

1995-ல் கோஹனும் லோட்டனும் 13 தொடக்கப்பள்ளி வகுப்புகளின் தரவுகளை வெளியிட்டார்கள். இத்தகைய தலையீடுகளை ஆசிரியர் எவ்வளவு அடிக்கடி செய்தாரோ அவ்வளவுக்குப் பின்தங்கிய பிள்ளைகளின் பங்கேற்பு கூடியிருந்தது. முன்னணியில் இருந்த பிள்ளைகளின் பங்கேற்பு குறையவில்லை. பெற்றோரின் ஒரு பொதுவான புகாருக்கு இது பதில். “என் பிள்ளை மற்றவர்களுக்குச் சம்பளமில்லாத வாத்தியாராக வேண்டுமா?” என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் நோரீன் வெப் பல ஆண்டுகள் குழுக்களின் பேச்சைப் பதிவு செய்து பார்த்தவர். விளக்கம் சொல்பவர் கற்கிறார். வெறும் விடையை மட்டும் வாங்கிக்கொள்பவர் கற்பதில்லை, சில வேளை பின்னடைகிறார் என்று அவர் கண்டார். ஆகவே முன்னணிப் பிள்ளையின் நேரம் வீணாகிறதா என்பது, அது விளக்குகிறதா, விடையைக் காட்டிக் கொடுத்துவிட்டு உட்காருகிறதா என்பதைப் பொறுத்தது.

குழு மதிப்பெண்ணில் மட்டும் புகார் சொல்லும் பெற்றோர் பக்கம்தான் நான். நால்வர் செய்த சார்ட்டுக்கு நால்வருக்கும் ஒரே மார்க் போடுவது, வேலை செய்யாதவனுக்குப் பரிசு, செய்தவளுக்குத் தண்டனை. அதைவிட மோசம், மெதுவாகக் கற்கும் பிள்ளைமேல் குழுவுக்கே கோபம் வரவைக்கிறது. கோஹன் குழுவின் வேலைக்கு மதிப்பெண் போடுவதை எதிர்த்தார். கருத்துச் சொல்லலாம், மதிப்பெண் அவரவர் தனியாக எழுதியதற்கே என்றார். கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லாவின் குழுவுக்கு வெகுமதி தேவை என்று கருதியவர். அவரும் அந்த வெகுமதி ஒவ்வொருவரும் தனித்தனியே கற்றதன் கூட்டலாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். புராஜெக்ட் சார்ட் பேப்பருக்கு மொத்தமாக மார்க் போடும் நம் வழக்கத்துக்கு இவ்விருவரிடமும் ஆதரவு கிடையாது.

கோஹன்–லோட்டன் முறையின் வெற்றிக்கு அடிக்கடி காட்டப்படும் சான்று, கணிதக் கல்வி ஆய்வாளர்கள் ஜோ போலரும் மேகன் ஸ்டேபிள்ஸும் 2008-ல் எழுதிய ‘ரெயில்சைடு’ ஆய்வு. புனைபெயர் கொண்ட அந்தப் பள்ளி உட்பட மூன்று கலிபோர்னிய உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 700 மாணவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது அது. ரெயில்சைடில் பல இனப் பிள்ளைகள். கணிதத்தில் பின்தங்கி நுழைந்தவர்கள் மற்ற பள்ளிகளைத் தாண்டினார்கள், இனங்களுக்கு இடையேயான இடைவெளியும் சுருங்கியது என்றது ஆய்வு. ஸ்டான்ஃபோர்டின் கணிதப் பேராசிரியர் ஜேம்ஸ் மில்கிராமும் வேறு இருவரும், அந்த ஆய்வு பயன்படுத்திய தேர்வுகளையும் அது ஒப்பிட்ட மாணவர்களையும் கேள்விக்கு உள்ளாக்கினார்கள், போலர் மறுத்தார். ஒரு பள்ளியை மட்டும் வைத்து முடிவுக்கு வர நான் தயங்குவேன். குழுவுக்குள் பேச்சை நேரடியாக அளந்த ஆய்வுகள் எனக்கு அதைவிட உறுதியாகத் தோன்றுகின்றன.

சமூக அடையாளத்தை வைத்து எழும் எதிர்பார்ப்பு இந்தியாவில் எவ்வளவு வலுவானது என்பதற்குத் தனிச் சான்று உண்டு. பொருளியலாளர்கள் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குக் காகிதத்தில் வழிச்சிக்கல் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதி வெளிப்படாதபோது, உயர்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களுக்கும் வேறுபாடே இல்லை. எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் வாசித்த பிறகு ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. 2006-ல் வெளியான இந்த ஆய்வில் யாரும் யாரோடும் பேசவே தேவையில்லை. அறைக்குள் யார் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதே போதுமானதாக இருந்தது.

மறுபக்கச் சான்று டெல்லியிலிருந்து. மலிவு விலையில் அரசு நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற விதி 2007 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது. பொருளியலாளர் கௌதம் ராவ் அதன் விளைவை ஆராய்ந்தார். சில பள்ளிகளில் படிப்புக் கூட்டாளிகளைப் பெயரின் அகர வரிசையில் அமைத்திருந்தார்கள். அதனால் யாருக்கு ஏழைக் கூட்டாளி கிடைப்பார் என்பது தற்செயல். ஆய்வாளருக்கு இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. ஏழை வகுப்புத் தோழர்களோடு பழகிய வசதியான பிள்ளைகள் மேலும் தாராள மனம் கொண்டவர்களாயினர், தொடர் ஓட்டத்துக்கு அணி சேர்க்கும்போது ஏழைப் பிள்ளைகளை ஒதுக்குவது குறைந்தது. இதில் பெரும் பங்கு நேரடிப் பழக்கத்துக்கு உரியது என்று கூட்டாளிக் குழுக்கள் காட்டின. ஆங்கில மதிப்பெண்ணில் சிறு சரிவு இருந்தது. இந்தியிலும் கணக்கிலும் மாற்றமில்லை.

பழக்கம் எந்த வகைப் பழக்கம் என்பது முக்கியம். பொருளியலாளர் மேட் லோ உத்தரப் பிரதேசத்தில் 1,261 இளைஞர்களைத் திரட்டி, அவர்களில் பலரைக் கிரிக்கெட் லீக்குகளில் ஆட வைத்தார். வேறு சாதியினரைத் தன் அணியில் பெற்றவர்களுக்குச் சாதி கடந்த நட்பு வளர்ந்தது. எதிரணியில் பெற்றவர்களுக்கு அது குறைந்தது. பையன்கள் ஓர் அணி, பெண்கள் ஓர் அணி என்று பிரித்து வினாடி வினா நடத்தும் ஆசிரியர்கள் இதை ஒரு முறை யோசிக்கலாம். கலந்த குழுவிலும் பெண்ணின் பாடு தனிக்கதை. “உன் கையெழுத்து நல்லா இருக்கு, நீயே எழுது” என்று அவளிடம் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்துவிட்டுப் பையன்கள் பேசுவார்கள். குழுத் தலைவர், பொருள் எடுப்பவர், அறிக்கை சொல்பவர் என்று பொறுப்புகளை ஆசிரியர் ஒதுக்கி, அவற்றைச் சுழற்சியில் மாற்ற வேண்டும் என்று கோஹன் சொன்னது இதற்காகத்தான்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குக் குழுவாக உட்காருவது புதிதல்ல. ரிஷிவேலிப் பள்ளியின் மாதிரியிலிருந்து 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-ல் மாநிலம் முழுதும் போனது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. ஆசிரியரும் தரையில் அமர்ந்தார். அது சிறிய புரட்சி அல்ல. ஆனால் பாடச் செயல்பாட்டு அட்டையை ஒவ்வொரு குழந்தையும் தன் கற்றல் ஏணியின் படியில் தானாகச் செய்தது. வட்டமாக உட்கார்ந்து தனித்தனியே வேலை செய்தார்கள். 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கவும் கழிக்கவும் கற்றுக்கொடுக்க நிலைவாரிக் குழு நல்ல கருவி. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு பல மாநிலங்களில் நடந்த சோதனைகள் அதை உறுதி செய்கின்றன. அதைக் குறை சொல்ல எனக்குக் காரணமில்லை. நாள் முழுவதும் அந்த ஒரு குழு மட்டுமே என்றால்தான் சிக்கல். பூவின் பெயர் வைத்தாலும் யார் எந்தப் படியில் என்று ஏழு வயதுக் குழந்தைக்கு நன்றாகத் தெரியும். அரும்பிலேயே இருக்கும் பிள்ளைக்குத் தான் முன்னால் நிற்கும் வேலை ஒன்று வாரத்தில் சில மணி நேரமாவது கிடைக்க வேண்டும்.

2023-ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டதோடு, மாணவர்களை அகர வரிசையில் அமர வைக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. டெல்லியில் தற்செயலாக அமைந்ததை இங்கே விதியாகக் கேட்கிறது குழு. யார் பக்கத்தில் யார் என்பதைச் சாதியோ செல்வாக்கோ தீர்மானிக்காமல் இருக்க அகர வரிசை உதவும். கயிறு அவிழ்ந்தாலும் ஊருக்குள் யார் எந்தத் தெரு என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஹாஃப்–பாண்டே அறையில் பெயரோடு வாசிக்க வேண்டியிருந்த சாதி, இங்கே வாசிக்காமலே தெரிந்தது. ஆகவே அகர வரிசையில் வந்து அமர்ந்த நால்வரிடம் என்ன வேலை கொடுக்கிறோம், அதில் யார் சொல்வதை எழுதுகிறார்கள், ஆசிரியர் எந்தப் பக்கம் நின்று கேட்கிறார் என்பவை அதே அளவு கவனம் பெற வேண்டிய விஷயங்கள். பி.எட். பயிற்சி மாணவர்களை ஒரு குழுவின் அருகே 15 நிமிடம் உட்கார வைத்து, யார் எத்தனை முறை பேசினார்கள், யார் சொன்னது முடிவில் எழுதப்பட்டது என்று கோடு போட்டுக் குறிக்கச் சொல்லலாம். அதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். கோஹனின் ஆய்வாளர்கள் செய்ததும் அடிப்படையில் அந்த எண்ணிக்கைதான்.